பூசாத குழாய்

ரத்தத்துக்கு இருக்கிற ரோஷம் மனிதர்களுக்குக்கூடக் கிடையாது. தன் வீட்டு ஆள் இல்லாத எதையும் அது சும்மா விடாது. ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுபோய் அதன் நடுவில் வைத்துப் பாருங்கள், தொட்ட உடனே 'யார் நீ?' என்று சட்டையைப் பிடித்துவிடும். முதலில் மெல்லிசாக ஒரு படலம், அதன்மேல் கூட்டம் கூட்டமாக அணுக்கள், கொஞ்ச நேரத்தில் கட்டி. குழாய் அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு அந்தக் கட்டியில் கிருமி வந்து குடியேறும். குடியேறினால் பரவாயில்லை, தன்னைச் சுற்றி வழவழவென்று பிசின் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் எந்த மருந்து போய்க் கதவைத் தட்டினாலும் திறக்காது.

இந்த இரண்டு பேர் கண்ணிலும் மண்ணைத் தூவுவதுதான் பூச்சுக்காரியின் வேலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வளாகத்திலேயே இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில், டயாலிசிஸ் நோயாளிகளின் கழுத்தில் செருகும் குழாய்க்கு மேல்பூச்சு தயாரித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத பூச்சு. ரத்தம் வந்து தடவிப் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், கிருமி வந்து உட்காரப் பார்த்தால் வழுக்கிவிட வேண்டும். சொல்லிவிடலாம். செய்யத்தான் பாதி ஆயுசு போய்விட்டது.

பூச்சுக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். வாயை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவர். வேலையில் சேர்ந்த புதிதில் அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல, கன்னத்தில் கைவைத்து முழுசாகக் கேட்டுவிட்டு, "ஆக மொத்தம் பெயின்ட் அடிக்கிற வேலை. அதுக்கா இத்தனை வருஷம் படிச்சே? நம்ம வீட்டுச் சுவரு உரிஞ்சு கிடக்கு, ஞாயித்துக்கிழமை வந்து ஒரு கை பாரேன்" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்படிச் சிரிப்பாள் அப்போதெல்லாம்.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை நின்றுவிடும். அந்த உடம்புக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் ஒன்றாகக் கைவிரித்தன. மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்றால் அவள் ரத்தத்தில் ஏதோ எதிர்ப்பு, யாருடையதும் பொருந்தவில்லை. டயாலிசிஸுக்காக இடது கையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைப் பெரிதாக்கினார்கள், அடைத்துக்கொண்டது. வலது கையில் செய்தார்கள், அதுவும் அப்படியே. கழுத்தில் வலது பக்கம் குழாய் போட்டார்கள், கட்டி விழுந்து நின்றுபோனது. இப்போது இடது பக்கக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த குழாயில் அடிக்கடி கிருமி. டயாலிசிஸ் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். போர்வைமேல் போர்வை போட்டு அத்தான் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்.

கிட்னி டாக்டர் நல்ல மனுஷர், பூசி மெழுகத் தெரியாதவர். "இதுவும் போச்சுன்னா தொடையில ஒரு இடம் இருக்கும்மா. அதுக்கப்புறம் எங்க போடறதுன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டார். அக்காவிடமே சொன்னார். அக்கா, "தெரிஞ்சா சொல்லுங்க டாக்டர், நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்றாள்.

ஆக, கடைசியாக மிச்சம் இருக்கும் அந்த ஒரு இடத்தில் போடப்போகும் குழாய் அடைக்காத குழாயாக இருந்தாக வேண்டும். அப்படி ஒரு குழாய் உலகத்தில் எங்கேயும் விற்கவில்லை. பூச்சுக்காரியின் மேசைமேல் மட்டும்தான் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. ரத்தச் சோதனையில் தேறிவிட்டால், வேறு வழியில்லாத நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரிக் குழு சம்மதம் சொல்லியிருந்தது. முதல் பெயர் அக்காவுடையது.

கிருமிச் சோதனையில் பூச்சு எப்போதோ தேறிவிட்டது. பூசிய குழாயைக் கிருமி ததும்பும் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தாலும் வழித்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. மல்லுக்கு நின்றது ரத்தம்தான். அந்தச் சோதனை இப்படி: குழாயை வளையமாக வளைத்து, அதில் பாதிக்கு ரத்தம் நிரப்பி மூட வேண்டும். உடம்புச் சூட்டில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் அதைச் சக்கரத்தில் மாட்டிச் சுற்ற விட வேண்டும். கூடத்தில் அதற்கு ராட்டினம் என்று பெயர். பூசிய குழாய் ஒன்று, பக்கத்திலேயே பூசாத குழாய் ஒன்று, இரண்டுக்கும் ஒரே ஆளின் ரத்தம். பூசாததில் கட்டி விழும், பூசியதில் விழக் கூடாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் பூச்சின் லட்சணம் தெரியும்.

ஆனால் ரத்தம் பாட்டிலில் இருந்து எடுத்த பழைய ரத்தமாக இருக்கக் கூடாது. கையிலிருந்து எடுத்த கையோடு சூடாக ராட்டினத்தில் ஏற வேண்டும். மாதத்துக்கு நாலு தரம் யார் வந்து கை நீட்டுவார்கள்? முதலில் கூடத்தில் இருந்தவர்களே கொடுத்தார்கள். பிறகு ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருவருக்கு மனைவியின் தடை, ஒருவர் அவள் வரும் வழியைக் கண்டாலே மாடிப்படி ஏறி ஓடினார். அப்போதுதான் அத்தான் வந்து நின்றார்.

"என்கிட்ட எடு. எனக்கு ஊறிக்கிட்டே இருக்கு. பாதி கொசுவுக்குத்தான் போவுது."

அக்காவை டயாலிசிஸ் கூடத்தில் விட்டுவிட்டு, வளாகத்தைக் குறுக்கே நடந்து இங்கே வருவார். ரத்தம் எடுக்கும் சிஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்பார்: "பத்து நாளுக்குள்ள வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை ஏதாவது போட்டீங்களா சார்?" அத்தான், "எனக்கு வலியே என் பொண்டாட்டிதான் சிஸ்டர், அதுக்கு மாத்திரை இன்னும் வரல" என்பார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார். ஊசி ஏறும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வார், பாவம்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவர் ரத்தம்தான் அவளுக்கு அளவுகோல். எத்தனை கலவை மாற்றினாலும் அவர் ரத்தம் ஈவு இரக்கமில்லாமல் கட்டிக்கொண்டது. ராட்டினத்தை நிறுத்திக் குழாயைத் திறந்தால் ஈரல் துண்டு மாதிரி கொழகொழவென்று வெளியே வரும். "என் ரத்தத்துக்கு உன் வேலை பிடிக்கல போல. உங்க அக்கா மாதிரியே குணம்" என்று அவர்தான் அவளைத் தேற்றுவார்.

பிறகு ஒரு புதுக் கலவை. பூச்சின் அடியில் ஒரு படலத்தைக் கூட்டி, மேல் படலத்தை மெல்லிசாக்கி, அடுப்பில் உலர்த்தும் சூட்டையும் குறைத்தாள். அத்தான் ஏதோ வெளியூரில் லிஃப்ட் பொருத்தப் போய்விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பியிருந்தார். அந்த வாரமே வந்து ரத்தம் கொடுத்தார். ராட்டினம் நின்றது. பூசிய குழாயைத் திறந்து சலைன் விட்டுக் கழுவினாள். சிவப்பு வழிந்து ஓடியது, குழாய் பளிச்சென்று நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு துணுக்கு இல்லை. ஒரு நூல் இல்லை.

உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சிஸ்டர் ஓடிவந்து என்னமோ ஏதோ என்று பதறிவிட்டார்.

பூசாத குழாயையும் கழுவினாள். இங்கேதான் வயிற்றெரிச்சல். அதிலும் வழக்கமான ஈரல் துண்டு இல்லை. ஓரத்தில் இரண்டு மூன்று சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பூசாத குழாய் அவ்வளவு யோக்கியமாக இருந்தால் அந்தச் சோதனையையே தூக்கிக் குப்பையில் போட வேண்டும். இது அந்தத் தொழிலில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? தெரியும். தொட்டித் தண்ணீர் சூடு கொஞ்சம் கம்மியாக இருந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த தடவையும் அப்படியே இருந்தது. சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆசை வந்துவிட்டால் படித்த மூளை எப்படியெல்லாம் சப்பைக்கட்டு கட்டும் என்கிறீர்கள்! மூன்றாவது தடவை பூசாத குழாயை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பூசிய குழாயைத் தூக்கிக்கொண்டு நேரே டயாலிசிஸ் கூடத்துக்கு ஓடினாள்.

படுத்திருந்த அக்கா அதை வாங்கி, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "எங்கடி பூச்சு? ஒண்ணுமே தெரியல."

"தெரியக் கூடாதுக்கா. அதான் பூச்சு."

"இது என் தொடையில இருந்தா எத்தனை நாள் ஓடும்?"

"வருஷக்கணக்கா ஓடும்."

அக்கா குழாயை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, "அப்படின்னா அடுத்த விளையாட்டு விழாவுக்கு நான் போயிடலாம்" என்றாள். அத்தான் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தார். "போயி ஓடாதே தாயே, கத்தினா போதும்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

கூடத்தின் டைரக்டர் அம்மா மட்டும் ஆடவில்லை, பாடவில்லை. "ஒரே ஆளோட ரத்தத்தை வச்சு என்னைக் குழுவுக்கு முன்னால நிக்க வைக்காதே. வேற மூணு பேர்கிட்ட எடு" என்றார். அவர் சொன்னது முறைதான். பூச்சுக்காரி பக்கத்துத் துறையில் கெஞ்சிக் கூத்தாடி மூன்று பேரைப் பிடித்து வந்தாள்.

முதல் ஆள் ரத்தம். பூசிய குழாயைத் திறந்தபோது ஈரல் துண்டு வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. பூச்சு சரியாகக் காயவில்லை போலும் என்று புதிதாகப் பூசினாள். இரண்டாம் ஆள், ஈரல் துண்டு. மூன்றாம் ஆள் ரத்தம் சக்கரம் சுற்றும்போதே உறைந்து நின்றது. பூசிய குழாயும் பூசாத குழாயும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

டைரக்டர் அம்மா வந்து பார்த்தார். "அந்தப் பழைய ஆளோட பூசாத குழாய்களை வச்சிருக்கியா? எடு" என்றார். எல்லாச் சோதனைக் குழாய்களையும் கழுவி உலர்த்தி அலமாரியில் வைப்பது வழக்கம். எடுத்துக் கொடுத்தாள். அத்தானின் பழைய ரத்தம் ஓடிய பூசாத குழாய்கள் உள்ளே கறுத்துக் கறை படிந்து கிடந்தன. புதியவை மூன்றும் ஏறக்குறையச் சுத்தமாக இருந்தன. டைரக்டர் அம்மா அவற்றை அவள் முன்னால் அடுக்கினார்.

"மாறினது உன் பூச்சு இல்லம்மா. அந்த ஆளோட ரத்தம். அவரு ரத்தம் கட்டாம இருக்க ஏதோ மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சிருக்காரு. ஆஸ்பிரின் மாதிரி, இல்ல அதைவிடப் பெருசா."

பூச்சுக்காரி நேரே அத்தானைத் தேடிப் போனாள்.

அத்தான் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார். சின்ன அறை, கிரீஸ் வாடை, நடுவில் பெரிய சக்கரம், அதன்மேல் கம்பிவடங்கள். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "அட, பெயின்டர் இங்க எங்க? சுவரு பார்க்க வந்தியா?" என்றார்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க அத்தான்?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். லிஃப்ட் பொருத்தப் போனதாகச் சொன்ன அந்த இரண்டு மூன்று நாள் அவர் வெளியூர் போகவில்லை. ஊருக்கு அந்தப் பக்கம் வேறொரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். படி ஏறும்போது மார்பு பிடித்தது, போய்க் காட்டினார், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள். குடை மாதிரி விரிந்து நிற்கும் சின்னக் கம்பி வலை. அதில் ரத்தம் ஒட்டாமல் இருக்க இரண்டு மாத்திரை.

"வலி மாத்திரை போட்டியான்னுதான் சிஸ்டர் கேட்டாங்க. இது நெஞ்சு மாத்திரைதான? நான் பொய் சொல்லல" என்றார்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல? எனக்குக்கூடவா சொல்லக் கூடாது?"

"சொன்னா நீ என் ரத்தத்தை வேண்டாம்னுடுவ. உங்க அக்கா டயாலிசிஸையே வேண்டாம்னுடுவா. அவளைத் தெரியாதா உனக்கு? எனக்குச் செலவு, எனக்கு அலைச்சல், எனக்கு நெஞ்சுவலின்னு சொல்லி, குழாயை அவளே பிடுங்கிப் போட்டுட்டு உக்காருவா."

சரியாகத்தான் சொன்னார். அக்கா அப்படிச் செய்யக்கூடியவள்தான்.

அந்த இடத்தில் பூச்சுக்காரி என்ன செய்திருக்க வேண்டும்? மனுஷர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். மாத்திரையை ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள் என்று தலையில் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டென்ட் என்றால் என்ன, அதைப் பார்த்ததும் ரத்தம் என்ன செய்யும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஆனால் அவள் கண்ணுக்குள் தட்டில் கிடந்த ஈரல் துண்டுகள்தான் நின்றன. அக்கா குழாயை நெஞ்சில் வைத்துக்கொண்டு விளையாட்டு விழா என்று சொன்னது நின்றது. தாங்க முடியாமல் வெடித்தாள்.

"உங்க மாத்திரையால எல்லாமே போச்சு அத்தான்! மூணு சோதனையும் குப்பை!"

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. "என்னாலயா? என் ரத்தத்தாலயா கெட்டுப்போச்சு?"

அவள் கம்பிவடங்களைப் பார்த்தாள்.

"அப்ப பூச்சு நல்லாத்தான இருக்கு? என் ரத்தம்தான கோளாறு?"

இல்லை, பூச்சே உருப்படவில்லை, உங்கள் மாத்திரைதான் இத்தனை நாள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. இதைத்தான் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால், உங்கள் பெண்டாட்டிக்குக் குழாய் இல்லை என்று சொன்னதாகிவிடும். அந்த அறையில், கிரீஸ் கையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்திடம் அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்தோடு படி இறங்கி வந்துவிட்டாள்.

அப்புறம் அவள் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. போனில் வேலை வேலை என்று தட்டிக் கழித்தாள். கலவையை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், படலத்தைக் கூட்டினாள், குறைத்தாள். பக்கத்துத் துறைக்காரர்கள் காலில் விழாத குறையாக ரத்தம் வாங்கி ராட்டினத்தில் ஏற்றினாள். எல்லாம் ஈரல் துண்டு. இதற்கு நடுவில் அக்காவின் கழுத்துக் குழாயில் கிருமி முற்றிக் காய்ச்சல் ஏறியது. அதைப் பிடுங்கிவிட்டு, மிச்சமிருந்த தொடையில் சாதாரணக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டார்கள். "உன் தங்கச்சி குழாய் வந்ததும் இதே இடத்துல மாத்திடலாம்மா. இது அடைக்கறதுக்குள்ள வந்துடணும்" என்று கிட்னி டாக்டர் சொன்னதாக அக்கா போனில் சொன்னாள். "அவசரமில்லடி, நிதானமா பண்ணு" என்று வேறு சொன்னாள். பூச்சுக்காரி போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். செத்துப்போகலாம் போல இருந்தது அவளுக்கு.

ஒரு காலை, ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அத்தான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"வா வா. இன்னிக்கு எடுத்துக்கோ, எவ்வளவு வேணும்னாலும். பத்து நாள் ஆச்சு. சுத்தமான ரத்தம்!"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலிக்குக் கிட்டே ஓடினாள். "எந்த மாத்திரையை நிறுத்தினீங்க?"

"எல்லாத்தையும்தான். நெஞ்சு மாத்திரை ரெண்டும். சிஸ்டர் கேக்கறதுக்கு முந்தியே சொல்லிடறேன், வலி மாத்திரையும் இல்ல. உங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன், இன்னிக்குச் சோதனை தேறிடும்னு. நெஞ்சு விஷயத்தைச் சொல்லல, நீ உளறிடாதே. ஏன் இப்படி முழிக்கற? என்னாலதான கெட்டுச்சு, நான்தான சரி பண்ணிக் கொடுக்கணும்."

"ஐயோ அத்தான்... ஐயோ, யாரு உங்களை நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். "ரெண்டு நாளா படியேறினா லேசா இழுக்குது. இன்னிக்கு எடுத்துட்டீன்னா சாயங்காலமே மறுபடி போட்டுக்கறேன். வா, சீக்கிரம்."

அவள் போனை எடுக்க ஓடினாள். ஆஸ்பத்திரி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் கத்தும் சத்தம் கேட்டது. திரும்பி ஓடிவந்தாள். அத்தான் நாற்காலியில் சரிந்து கிடந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, ஒரு கை சட்டையை மார்போடு சேர்த்துக் கசக்கிப் பிடித்திருந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ எடு" என்றார். சுருட்டிய கையை அப்போதும் நீட்டிக்கொண்டேதான் இருந்தார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. வளாகத்தைக் குறுக்கே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவளும் ஓடினாள். கதவுக்கு வெளியே நின்றாள். டாக்டர்கள் மார்பை அமுக்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வெகுநேரம் அமுக்கினார்கள். பிறகு அமுக்கவில்லை. இளவயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "ஸ்டென்ட் அடைச்சுக்கிச்சு. ரத்தம் உள்ளேயே கட்டிடுச்சு. மாத்திரையை யாரும்மா நிறுத்தினது?" என்று கேட்டார். அவள் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மாடியில் அக்காவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது.

எப்படிப் படியேறினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வாசலிலேயே டயாலிசிஸ் நர்ஸ் அவளை மறித்தார். கீழேயிருந்து போன் வந்துவிட்டிருந்தது. நர்ஸின் கண் சிவந்திருந்தது. "இப்பச் சொல்லிடாதீங்க. ரத்தம் மெஷின்ல வெளிய ஓடிக்கிட்டிருக்கு. இந்த நேரத்துல அதிர்ச்சின்னா பிரஷர் விழுந்துடும், இவங்களும் போயிடுவாங்க. முடிச்சு, ரத்தத்தை உள்ள திருப்பிக் கொடுத்துடறேன். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நில்லுங்க."

ஜன்னலோரப் படுக்கையில் அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வைக்கு அடியிலிருந்து புறப்பட்ட குழாயில் அவள் ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. தங்கை முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. தெரிந்தது தவறான பாதி.

"மறுபடி கட்டிக்கிச்சா?" என்றாள்.

பூச்சுக்காரி தலையை ஆட்டினாள்.

"உங்க அத்தான் மாத்திரை ஏதோ சாப்பிட்டதாலதான் போன தடவை கெட்டுச்சுன்னாரே. தலைவலி மாத்திரையாம். இந்தத் தடவை சாப்பிடலைன்னாரே?"

"அவரு மேல தப்பே இல்லக்கா." குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "பூச்சு சரியில்ல. முதல்லேர்ந்தே சரியில்ல. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே வளாகத்தில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவள் போர்வையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, மைதானத்தில் விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடுகிற டீச்சர் முகம்தான் இருந்தது.

"சரி, விடு. அழாதே. இங்க வா. உயிரைக் கொடுத்துப் பார்த்த, வரல. நீ என்ன பண்ணுவ? எனக்குத் தெரியாதா உன்னை?" கையை நீட்டித் தங்கையின் கையைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன. "அவருக்குத் தெரியுமா இது?"

பூச்சுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாதா? நல்லதாப் போச்சு. நீ வாயைத் திறக்காதே. நான் சொல்லிக்கறேன்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "வெளியிலதான்டி அவருக்கு வாயி. உள்ள ஒண்ணும் தாங்க மாட்டாரு. பத்து நாளா குழந்தை மாதிரி குதிச்சிட்டிருந்தாரு, இந்தத் தடவை தேறிடும், தேறிடும்னு. திடீர்னு போட்டு உடைச்சா மனுஷன் உக்காந்துடுவாரு. வீட்டுக்குப் போயி, சாப்பிட வச்சு, தூங்கி எழுந்ததும் மெதுவாச் சொல்லணும்."

தன் குழாயை ஒரு தரம் குனிந்து பார்த்தாள்.

"எங்க அவரு? கீழ டீ குடிக்கறாரா? வந்தா, முகத்தைக் கழுவிட்டு என் பின்னால நில்லு. உன்னைப் பார்த்தாலே கண்டுபிடிச்சுடுவாரு."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து அளவு பார்த்துவிட்டு, தலை நிமிராமலே போனார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பூச்சுக்காரி நின்றாள். ரத்தம் முழுசும் உள்ளே திரும்ப இன்னும் நேரம் இருந்தது.